தடத்துக்கும் தூள்பனிக்கும் ஒரே ஸ்கீ போதுமா?

வடதிசை:
என்னிடம் இருப்பது பனியில் ஓடும் 600 சிசி ஸ்னோமொபைல். அதைப் பின்னாலிருந்து தள்ளும் இறப்பர்ப் பட்டியான ட்ராக்கின் நீளம் 137 அங்குலம், அதன் பற்களின் உயரம் 1.25 அங்குலம். நான் ஓட்டுவது பெரும்பாலும் ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன், முஸ்கோக்கா தடங்களில்தான். வருகிற பெப்ரவரியில் நண்பர்களுடன் கியூபெக்கின் மொன்-வலான் மலைப்பகுதிக்குப் போகவிருக்கிறேன். அங்கே தடத்தை விட்டு இறங்கி ஆழமான தூள்பனியில் ஓட்டும் எண்ணமும் உண்டு. வண்டியோடு வந்த ஸ்கீக்களின் (முன்னால் சறுக்கி வண்டியைத் திருப்பும் சட்டங்கள்) அடியில் பூட்டிய எஃகுத் தண்டுகளான ரன்னர்கள் தேய்ந்துவிட்டன. இறுகிய தடத்தில் முன்னே போனவர்கள் கீறிய கோடுகளைப் பிடித்துக்கொண்டு வண்டி இடமும் வலமுமாக இழுக்கிறது. 7 அங்குல அகலமுள்ள ஸ்கீ ஒரு சோடி வாங்கினால் இரண்டு தேவையும் தீரும் என்று கடையில் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்களின் கருத்து தேவை.

மலைச்சாரல்:
கடையில் சொன்னது சரி என்பதே என் கருத்து. நான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் பக்கம் ஓட்டுபவன். தூள்பனியில் குறுகிய ஸ்கீ செய்கிற முதல் கெடுதல், மூக்கைப் பனிக்குள் புதைப்பது. வேகத்தைக் குறைத்த மறுகணமே முன்பகுதி கீழே இறங்கி, பனியை உழுதுகொண்டு நின்றுவிடும். அகலமான ஸ்கீ அந்தப் பாரத்தைப் பெரிய பரப்பில் பகிர்ந்துகொள்வதால் முன்பகுதி மேலே நிற்கும். கைப்பிடிக்கும் உயிர் இருக்கும். தடத்தில் அகல ஸ்கீ சற்றுக் கனமாகத் தெரியலாம், ஆனால் அது பழகிவிடும். புதைந்த வண்டியை இடுப்பளவு பனியில் தோண்டி எடுப்பது ஒருபோதும் பழகாது.

ஊசியிலைக்காடு:
மலைச்சாரலின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் ரெவல்ஸ்டோக்கை மனதில் வைத்து ஹாலிபர்ட்டனுக்கு ஸ்கீ தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். ரெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையிலும் ஃபிரிஸ்பி முகட்டிலும் ஏறுகிறவர்களின் வண்டி 154 அல்லது 165 அங்குல ட்ராக்கும் 2.5 முதல் 3 அங்குலப் பற்களும் உடையது. இரண்டு ஸ்கீக்களுக்கும் இடையிலான தூரமும் அதில் குறைவு. ஓட்டுநர் வண்டியை உடலால் சாய்த்துத் திருப்புகிறார். அகலமான, ஆழ்ந்த கீல் (ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் துருத்தும் முகடு) உள்ள ஸ்கீ அந்த முழு ஏற்பாட்டின் ஓர் அங்கம். அதை மட்டும் கழற்றி எடுத்து 137 அங்குலத் தடவண்டியில் பொருத்தினால் வண்டி மலைவண்டியாகிவிடாது. தூள்பனியில் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது ட்ராக் பட்டிதான். 1.25 அங்குலப் பற்கள் ஆழ்ந்த பனியில் பிடிப்பின்றிச் சுழன்று பள்ளம் தோண்டத் தொடங்கிய பிறகு, முன்னால் எவ்வளவு அகலமான ஸ்கீ இருந்தாலும் பின்பகுதி இறங்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் வடதிசை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு பராமரிக்கும் சுமார் 30,000 கிலோமீற்றர் தடங்களில் கணிசமான பகுதி தனியார் நிலங்களின் ஊடாகவே செல்கிறது. நில உரிமையாளர் தரும் அனுமதி தடத்துக்கு மட்டுமே உரியது. தடத்தை விட்டு இறங்குவது அத்துமீறல் என்பதோடு, அந்தத் தடமே அடுத்த ஆண்டு மூடப்படுவதற்கும் அது காரணமாகலாம். ஆகவே பருவத்தின் மிகப் பெரும்பகுதி நீங்கள் ஓட்டப்போவது சமன்செய்த, இறுகிய, பல இடங்களில் பனிக்கட்டி படிந்த பாதையில்தான். அங்கே வண்டியைத் திருப்புவது பனிக்குள் ஊன்றி வெட்டும் கீலும் அதன் அடியிலுள்ள, கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் பதித்த ரன்னரும்தான், அகலம் அல்ல. திருப்பங்களில் பனி உதிரியாகக் குவிந்திருக்கும்போது அகல ஸ்கீ அதன்மேல் மிதக்கிறது. கீல் அடித்தளத்தை எட்டாமல், கைப்பிடியைத் திருப்பிய பிறகும் வண்டி நேராகவே போகிறது. எதிரே வேறொரு வண்டி வரக்கூடிய மறைவான திருப்பத்தில் இது வசதிக் குறைவு மட்டுமல்ல, உயிராபத்து.

மலைச்சாரல்:
ட்ராக்கைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. குறுகிய ட்ராக்கோடு எவரும் ரெவல்ஸ்டோக் வரக்கூடாது என்று நானே சொல்வேன். ஆனால் கேள்வி மொன்-வலானைப் பற்றியது. அந்த மலைகளில் ஓராண்டில் 5 மீற்றருக்கும் மேல் பனி பொழிகிறது. அத்தகைய இடத்துக்குத் தடவண்டியோடு போகிறவர், தடத்தின் விளிம்பை விட்டுச் சிறிது விலகினாலே புதைவார். ட்ராக்கை மாற்றுவது பெருஞ்செலவு. ஸ்கீயை மாற்றுவது ஒப்பீட்டளவில் சிறுசெலவு. இயன்றதைச் செய்யட்டும் என்கிறேன். மேலும் அகல ஸ்கீ என்றாலே ஆழ்ந்த ஒற்றைக் கீல் என்று நினைக்கக் கூடாது. இரட்டைக் கீல் உள்ள அகல ஸ்கீக்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ரன்னர்கள் இணையாக ஓடுவதால் தடத்தின் பழைய கீறல்களில் ஒன்று சிக்கினாலும் மற்றது வண்டியை நேராக வைத்திருக்கும். தடத்தில் பிடிப்பும் தூள்பனியில் மிதப்பும் ஒரே சோடியில் கிடைக்கிறது.

பட்டறைக்காரன்:
நான் ஸ்னோமொபைல் திருத்துபவன். இருவரும் ஸ்கீயின் அகலத்தில் நிற்கிறீர்கள். வடதிசை சொன்ன கோளாறு அகலத்தால் வந்ததல்ல. இடமும் வலமும் இழுக்கும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்களுக்கு முதலில் ஸ்கீயை விற்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை. முதலில் பார்க்க வேண்டியவை இவை.

ஸ்கீக்களின் சீரமைப்பு முதலாவது. கைப்பிடியை நேராக நிறுத்தி, ட்ராக்கின் பக்கவாட்டில் ஒரு நேர்ச்சட்டத்தை முன்னோக்கி நீட்டி வைத்து, இரு ஸ்கீ முனைகளையும் இறப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டி இணைப்புகளின் தளர்வை நீக்கிய பிறகு, ரன்னரின் முன்முனைக்கும் பின்முனைக்கும் சட்டத்திலிருந்து உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பல வண்டிகளில் ஸ்கீக்களின் முன்பக்கம் மொத்தமாக 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை வெளிப்புறமாக விரிந்திருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். முன்பக்கம் உட்புறமாகக் குவிந்திருந்தால் எந்த ஸ்கீயைப் போட்டாலும் இழுப்பு தீராது.

அடுத்து, ஸ்கீயை வண்டியோடு இணைக்கும் சேணத்துக்குள் இருக்கும் இறப்பர் கட்டை. அது தளர்ந்துவிட்டால் ரன்னரின் முன்முனை தரையில் அழுந்தி, கண்ட கோட்டையெல்லாம் பிடிக்கும். கட்டையின் பின்பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் அழுத்தம் பின்னோக்கி நகர்கிறது. பல வண்டிகளில் இழுப்பு அதோடு அடங்கிவிடுகிறது. இதற்கெல்லாம் பிறகுதான் ரன்னர்.

வடதிசை:
நன்றி அண்ணா. ரன்னரில் எதைப் பார்த்து வாங்குவது? 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்றும், 60 பாகை, 90 பாகை என்றும் சொல்கிறார்கள்.

பட்டறைக்காரன்:
அங்குலக் கணக்கு, எஃகுத் தண்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும் டங்ஸ்டன் கார்பைடின் நீளத்தைச் சொல்கிறது. கார்பைடு நீளமாக இருந்தால் முன்பிடிப்பு கூடும், கைப்பிடி கனக்கும். 60 பாகை விளிம்பு கூர்மையானது, பனிக்கட்டியை நன்றாக வெட்டும், ஆனால் விரைவில் மழுங்கும். 90 பாகை விளிம்பு அவ்வளவு கூர்மையில்லாவிட்டாலும் கல்லையும் மண்ணையும் கூடுதலாகத் தாங்கும். பருவத் தொடக்கத்தில் பனி மெலிந்து கிடக்கும் ஹாலிபர்ட்டன் பாறைத் தடங்களில் எனக்கு இரண்டாவதே பிடிக்கும். உங்கள் ட்ராக்கில் பனிக்கட்டியைப் பிடிக்கும் ஆணிகள் உண்டா? அதைத் தெரிந்துகொள்ளாமல் நீளத்தைச் சொல்ல முடியாது. ஆணியில்லாத ட்ராக்குக்கு முன்னால் மிக நீளமான கார்பைடு போட்டால், பனிக்கட்டியில் முன்பக்கம் ஊன்றி நிற்கப் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். ஆணி நிறைந்த ட்ராக்குக்கு முன்னால் குட்டைக் கார்பைடு போட்டால், பின்பக்கம் தள்ளித் தள்ளி வண்டியைத் திருப்பத்தின் வெளிவிளிம்புக்குக் கொண்டுபோகும்.

வடதிசை:
ஆணிகள் இல்லை.

பட்டறைக்காரன்:
அப்படியானால் 6 அங்குலத்தோடு நிறுத்துங்கள் தம்பி. வீதியைக் கடக்கும்போது தார் மீது கைப்பிடியைத் திருப்ப வேண்டாம். ஒரு பருவம் உழைக்க வேண்டிய விளிம்பை அது சில நாட்களிலேயே தின்றுவிடும். தண்டு பாதித் தடிப்புக்குத் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். அதைத் தாண்டினால் ஸ்கீயின் பிளாஸ்டிக் கீலே தேயத் தொடங்கும்.

ஊசியிலைக்காடு:
இரட்டைக் கீலைப் பற்றி மலைச்சாரல் சொன்னதற்கு என் பதிலையும் பதிய வேண்டும். இணையான இரு விளிம்புகள் கோடு பிடிக்கும் குணத்தைக் குறைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயனைப் பெற ஸ்கீயையே மாற்ற வேண்டியதில்லை. வூடிஸ் நிறுவனத்தின் டூலி போன்ற இரட்டை ரன்னர்களை இருக்கிற ஸ்கீயின் அடியிலேயே பூட்டலாம். அந்த ஸ்கீ மாதிரிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். சீரமைப்பைச் சரிசெய்த பிறகும் இழுப்பு எஞ்சினால் நான் செய்யச் சொல்வது அதைத்தான். ஆகவே இழுப்பைத் தீர்க்க அகல ஸ்கீ தேவை என்ற வாதம் நிற்கவில்லை. மொன்-வலானுக்கு மட்டும் அது தேவை என்றால், அங்கே போகும்போது மட்டும் பூட்டுங்கள்.

மலைச்சாரல்:
இரண்டு சோடி வாங்கச் சொல்கிறீர்களா?

ஊசியிலைக்காடு:
ஆம், அதைத்தான் சொல்கிறேன். ஒரு ஸ்கீயைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு பெரிய போல்ட். வண்டியின் முன்பகுதியைத் தூக்கி நிறுத்திவிட்டால் இரண்டையும் மாற்ற அதிக நேரம் ஆகாது. பயன்படுத்திய அகல ஸ்கீ ஒரு சோடியைக் கோடையில் தேடினால் மலிவாகக் கிடைக்கும். உங்கள் வண்டிக்குரிய சேண இணைப்பு அதோடு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். தூள்பனிக்கான சோடியில் குட்டைக் கார்பைடு போதுமானது, ஏனெனில் அங்கே அது தரையைத் தொடுவது மலையடிவரை போகும் இறுகிய பாதையில் மட்டும்தான். பருவம் முழுவதும் ஓட்டும் தடத்தில் மந்தமாகத் திரும்பும் வண்டியை, ஓரிரு நாள் தூள்பனிக்காக ஒருவர் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலைச்சாரல்:
இரண்டு சோடிக்கு இடமும் பணமும் இருப்பவருக்கு அதுவே நல்லது. ஒரே சோடிதான் இயலும் என்றால் 7 அங்குலத்துக்குப் போகாமல், 6 அங்குலத்தை ஒட்டிய அகலத்தில் மிதமான கீல் உள்ள ஸ்கீயைத் தேடச் சொல்வேன். வண்டி சிக்கிக்கொள்ளும் இடம் அகன்ற காடு என்பதை மறவாதீர்கள். என்ன ஸ்கீ போட்டாலும் மண்வெட்டியும் இழுகயிறும் இல்லாமல், துணை வண்டி இல்லாமல், தடத்தை விட்டு இறங்க வேண்டாம்.

வடதிசை:
இந்த வாரம் சீரமைப்பை அளந்து, சேணத்தின் இறப்பர் கட்டைகளை மாற்றி, 6 அங்குலக் கார்பைடுள்ள 90 பாகை ரன்னர்களைப் போடப்போகிறேன். அதற்குப் பிறகும் இழுத்தால் இரட்டை ரன்னர். மொன்-வலானுக்கு நண்பர் ஒருவரிடம் கிடக்கும் அகல ஸ்கீக்களை இரவலாகக் கேட்டிருக்கிறேன். அவற்றின் சேணம் என் வண்டிக்குப் பொருந்துமா என்று அளந்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

பட்டறைக்காரன்:
அளக்கும்போது சேணத்தின் அகலத்தோடு போல்ட் துளையின் விட்டத்தையும் பாருங்கள் தம்பி. துளை சிறிது பெரிதாக இருந்தாலும் ஸ்கீ ஆடும். நீங்கள் செய்த சீரமைப்பு முழுவதும் வீணாகும். சரியான அளவுப் புஷ் (துளைக்குள் செருகும் உருளை வளையம்) போட்டுப் பூட்டுங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகும் ஸ்கீ மேலும் கீழும் தடையின்றி அசைய வேண்டும்.