நாலு போர்ட் கார்டில் ஒன்று மட்டும் 100-இல் நிற்கிறது: ஈத்டூலில் எதைப் பார்க்கணும்?

கேள்வி:
டெபியன் லினக்ஸ் சர்வர், இன்டெல் ஐ350 நெட்வொர்க் கார்டு, டிரைவர் ஐஜிபி. இன்டர்ஃபேஸ்கள் ஈஎன்பி3எஸ்0எஃப்0 முதல் எஃப்3 வரை. எஃப்2-இன் வேகம் மட்டும் 100 மெகாபிட், மற்ற மூன்றும் 1000 (1 ஜிகாபிட்). கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை "சூடோ ஈத்டூல் ஈஎன்பி3எஸ்0எஃப்2" என்று அடித்தால் வருவது:

ஸ்பீட்: 100எம்பி/எஸ்
டூப்ளெக்ஸ்: ஃபுல்
ஆட்டோ-நெகோஷியேஷன்: ஆன்
போர்ட்: ட்விஸ்டட் பேர்
லிங்க் டிடெக்டட்: யெஸ்

கார்டின் பின்பக்கம் எது எஃப்2 என்றும் தெரியவில்லை. 1000 என்று கட்டாயமாக வைத்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். காப்பர் கேபிளில் 1 ஜிகாபிட்டுக்கு ஆட்டோ-நெகோஷியேஷன், அதாவது இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது, கட்டாயம். எந்த முனை கடிகாரத் துடிப்பு (கிளாக் சிக்னல்) தருவது என்பதே அதில்தான் முடிவாகிறது. 1000 மட்டும் போதும் என்று வைத்தால், கேபிள் சரியில்லாத பட்சத்தில் இப்போது இருக்கும் 100-உம் போய்விடும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின்) வழியே அந்த போர்ட்டில்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

போர்ட்டைக் கண்டுபிடிக்க "சூடோ ஈத்டூல் -பி ஈஎன்பி3எஸ்0எஃப்2 15", இதில் பி என்பது ஆங்கில p, சிறிய எழுத்து. 15 வினாடி அந்த போர்ட்டின் விளக்கு சிமிட்டும். எண் கொடுக்காவிட்டால் கன்ட்ரோல்-சி அடிக்கும்வரை சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

பதில் 2:
நீங்கள் ஒட்டாமல் விட்ட "அட்வர்டைஸ்டு லிங்க் மோட்ஸ்" வரிதான் முக்கியம், நம் கார்டு எதிர்முனைக்கு எந்தெந்த வேகங்களை அறிவிக்கிறது என்பது அதில் இருக்கும். அதில் 1000பேஸ்டி/ஃபுல் இல்லையென்றால் யாரோ நம் பக்கமே குறைத்து வைத்திருக்கிறார்கள். இருந்தால் எதிர்முனை அல்லது கேபிள். சில டிரைவர்கள் "லிங்க் பார்ட்னர்" என்று எதிர்முனை சொல்வதையும் காட்டும், ஐஜிபி காட்டாது. அதனால் கெர்னல் பதிவுகளைக் காட்டும் "சூடோ டிமெசேஜ்" (dmesg) அடித்து "ஸ்மார்ட்ஸ்பீட்" என்ற சொல்லைத் தேடுங்கள். லிங்க் எழாதபோது கார்டு தானே வேகத்தைக் குறைப்பதற்கு அந்தப் பெயர்.

கேட்டவர்:
1000பேஸ்டி/ஃபுல் இருக்கிறது. டிமெசேஜில் "லிங்க் ஸ்பீட் வாஸ் டவுன்கிரேடட் பை ஸ்மார்ட்ஸ்பீட்" என்று வருகிறது. எஃப்1, எஃப்2 கேபிள்களை கார்டு பக்கம் இடம் மாற்றினேன். இப்போது எஃப்1 100, எஃப்2 1000.

பதில் 2:
அப்படியானால் கார்டு குற்றவாளி இல்லை. இரண்டு முனையும் 1000-க்கு ஒத்துக்கொண்டு, பிறகு லிங்க் எழாமல் 100-க்கு இறங்கியிருக்கிறது. 100-க்கு 1, 2, 3, 6 பின்கள், அதாவது இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும். 4-5 அல்லது 7-8 அறுந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். 568பி என்ற கம்பி வண்ண வரிசையில் அவை நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும்.

ஆனால் கார்டு பக்கம் மட்டும் மாற்றியதில் கேபிளும் ஸ்விட்ச் போர்ட்டும் சேர்ந்தே நகர்ந்துவிட்டன. இரண்டில் எது என்று பிரிக்க, அதே கேபிளின் மறுமுனையை வேறு ஸ்விட்ச் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

பதில் 1:
ஈத்டூலில் "--கேபிள்-டெஸ்ட்" என்று ஒன்று உண்டு, எந்த ஜோடி அறுந்தது என்று சொல்லும். ஐஜிபியில் ஓடாது, அதில் நேரம் கழிக்க வேண்டாம்.

கேட்டவர்:
வேறு ஸ்விட்ச் போர்ட்டிலும் 100தான். கேபிள் டெஸ்டரில் 5-ஆம் விளக்கு எரியவில்லை. முனையை வெட்டிப் புது ஆர்ஜே45 பிளக்கை கிரிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) 1000 வந்துவிட்டது.

பதில் 2:
1000 காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். "சூடோ ஈத்டூல் -எஸ் ஈஎன்பி3எஸ்0எஃப்1" அடித்து "ஆர்எக்ஸ்_சிஆர்சி_எரர்ஸ்" எண்ணை, அதாவது பழுதாகி வந்து சேர்ந்த ஃபிரேம்களின் எண்ணிக்கையை, குறித்துக்கொள்ளுங்கள். எஸ் பெரிய எழுத்தாக இருக்கணும். சிறிய எஸ் அமைப்பை மாற்றுகிற கட்டளை. பழைய பிழைகளும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கும், எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ 10 நிமிடம் இரு திசையிலும் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் மறுமுனை கிரிம்பையும் வெட்டிப் போடணும்.