போர்ட் லூயிஸ்ல நம்ம மசால் வடைக்கு ஒரு சொந்தம் இருக்கு

மொரீஷியஸ் போறவங்க கடற்கரையை அப்புறம் பாருங்க. காலையிலேயே போர்ட் லூயிஸ் சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் போய் சூடா காத்தோ பிமாங்கிற அந்த ஊர் பருப்பு வடையைச் சாப்பிடுங்க. பருப்பை ஊறவச்சு, கொரகொரன்னு அரைச்சு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெங்காயத்தாள் போட்டுப் பொரிக்கிறாங்க. "சத்துவாச்சாரி டீக்கடை வாசனை வருது பாரு"ன்னு எங்க வீட்டுக்காரர் தூரத்துலேயே சொல்லிட்டாரு.

ஆனா நம்ம மாதிரி தட்டிப் போடல, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிப் போடறாங்க. அதனால வெளிய மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு இருக்கு. நான் சாப்பிட்ட கடையில சோம்பு கிடையாது. முதல் கடியில நாக்கு அதைத் தேடுச்சு. ரெண்டாவதுல வெங்காயத்தாள் அந்தக் குறையைத் தீர்த்துடுச்சு. பிட்டுப் பார்த்தா பருப்புக்கு நடுவுல பச்சைப் பச்சையா தெரியுது.

கடைக்காரம்மா நெத்தியில பொட்டு. "நாங்க வேலூர்லேர்ந்து வரோம்மா"ன்னேன். "வணக்கம்"னு வாய் நிறையச் சொன்னாங்க, மத்த பேச்செல்லாம் அந்த ஊர் மொழியான கிரியோல்தான். ரொட்டியைக் கீறி வெண்ணெய் தடவி, நாலஞ்சு வடையை உள்ள வச்சு, உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கி பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க. வெண்ணெய் உருகி அந்த நொறுங்கல்ல இறங்கிடுது. சட்னி கேக்காதீங்க, தேவையே இல்ல.

1834லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா கப்பலேறினவங்கள்ல சென்னை மாகாணத்து ஆளுங்களும் நிறைய பேர். அவங்க வந்து இறங்கின ஆப்ரவாசி காட் இதே ஊர்லதான் இருக்கு, கட்டாயம் பாருங்க. இத்தனை தலைமுறை தாண்டியும் பருப்பு அரைக்கிற பதம் கைமாறி வந்திருக்கேன்னு எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு. காசு குடுக்க எடுத்த நோட்டுலயும் தமிழ் எழுத்து! 1998ல புது நோட்டுல தமிழைக் கீழ தள்ளினப்போ, அங்கத்தித் தமிழருங்க எதிர்ப்பு தெரிவிச்சு அந்த நோட்டையே திரும்ப வாங்க வச்சாங்க.

இப்போ வீட்டுலயும் செய்யறோம். வெங்காயத்தாள் நேதாஜி மார்க்கெட்லயே கிடைக்குது. ஊறின பருப்புல தண்ணியை ஒட்ட வடிச்சுடுங்க, இல்லன்னா உருண்டை எண்ணெயில பிரிஞ்சுடும். இனிப்பு பன் மட்டும் வேணாம், காரத்தைக் கெடுத்துடும்.

கொழும்பு காலிமுகத்திடல்ல இறால் வச்சுப் பொரிக்கிற வடையைச் சாப்பிட்டவங்க இருந்தா எழுதுங்க. அடுத்து அங்கதான் போகணும்னு இருக்கோம்.