கால்மானம்: ஒரே தரவுக்கு இரண்டு விடை, தேர்வில் எதை எழுதுவது?

அடுத்த வாரம் புள்ளியியல் அறிமுகத் தாள். பயிற்சிக் கணக்கில் முடிவே மாறிவிடுகிறது.

தரவு: 4, 7, 9, 11, 12, 15, 18, 20, 33. இடைநிலை 12, அதில் குழப்பமில்லை.

இடைநிலையை விட்டுவிட்டு இரண்டு பாதியாகப் பிரித்தால் கால்மானங்கள் (வரிசைப்படுத்திய தரவை நான்கு பங்காகப் பிரிக்கும் மதிப்புகளில் முதலாவதும் மூன்றாவதும்) 8, 19. கால்மான வீச்சு (இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்) 11, மேல் எல்லை 19 + 1.5 × 11 = 35.5. எனவே 33 அவுட்லையர் (எல்லைக்கு வெளியே விலகி நிற்கும் மதிப்பு) இல்லை. 12-ஐ இரண்டு பாதியிலும் சேர்த்தால் 9, 18. கால்மான வீச்சு 9, எல்லை 31.5. இப்போது 33 அவுட்லையர்!

பார்த்தவை: (எண்ணிக்கை + 1)/4 சூத்திரப்படி 2.5-ஆவது, 7.5-ஆவது உறுப்புகள், அதாவது 8, 19. எக்செலில் குவார்ட்டைல் இன்க் (QUARTILE.INC) சார்பு 9, 18 தருகிறது. குவார்ட்டைல் எக்ஸ்க் (QUARTILE.EXC) சார்பு 8, 19. கூட்டல் பிழை எங்கும் இல்லை, முறைதான் வேறு. உறுப்புகள் இரட்டைப்படையாக இருந்தால் பாதி பிரிப்பதில் சிக்கல் வராது. ஆனால் 8 உறுப்புகளுக்குச் சூத்திரம் 2.25-ஆவது இடத்தைக் கேட்கும், அது பாதி பிரிக்கும் முறையோடு ஒத்துப்போகாமல் போகலாம்.

பாடக்குறிப்பில் இரண்டு முறையும் இருக்கின்றன. எதைப் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. விடைத்தாள் திருத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: கேள்வியில் முறை குறிப்பிடாதபோது, எந்த முறையில் எழுதினால் மதிப்பெண் போகாது?