நெவாடா மலைச்சரிவுச் சரளை மண்: 35 சதவீதக் கோடு யாருக்கு உதவுகிறது?

நிலவரையர்
வகைப்பாட்டுப் பயிற்சிக்காக ஒரு மண்கண்டம் (குழியில் மேலிருந்து கீழாகத் தெரியும் மண் அடுக்குகள்) தருகிறேன். வடக்கு நெவாடாவின் மேய்ச்சல் மலைகளில் இதுபோன்ற மண் பரவலாக உண்டு. எண்களை மட்டும் கணக்குக்குத் தோதாக வைத்திருக்கிறேன்.

உயரம் 2,300 மீட்டர், வடக்குப் பார்த்த சரிவு. மேலே மலைச் சேஜ்பிரஷ் புதர், இடையில் ஐடஹோ ஃபெஸ்க்யூ புல். ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து 400 மி.மீ.; பெரும்பகுதி குளிர்காலத்தில் விழுவது.

ஏ1 (மேல்மண், 0–10 செ.மீ.): லோம் (மணல், வண்டல், களி கலந்த மண்), கன அளவில் 20% சரளை, ஈர நிறம் மண்நிற அட்டையில் 10ஒய்ஆர் 3/2, அதாவது கரும்பழுப்பு.
ஏ2 (10–28): லோம், 30% சரளை, அதே நிறம், கரிமம் 2%.
பிடி (களி சேர்ந்த கீழடுக்கு, 28–62): க்ளே லோம் (களி கூடிய லோம்), களி 30%, மண்துகள் முகங்களில் களிப்பூச்சு தெரிகிறது. ஆய்வகச் சல்லடை முடிவு: 2 மி.மீ.க்கு மேல் 50%.
62-க்குக் கீழே கெட்டிப் பாறை. கண்டம் முழுக்கச் சுண்ணாம்பு இல்லை.

கருநிற மேலடுக்கு 28 செ.மீ. இருப்பதால் அது மொல்லிக் (தடித்த கருநிற மேல்மண்) ஆகத் தேறிவிடுகிறது. பாறை 50 செ.மீ.க்குள் வராததால் லித்திக் (ஆழம் குறைந்த பாறை மண்) இல்லை. சரளை 50%, அதாவது ஸ்கெலிட்டல் (கல் மிகுந்த மண்) என்பதற்கான 35-க்கு மேல். ஆகவே என் முடிவு: லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், ஃப்ரிஜிட் டைப்பிக் ஆர்ஜிசெரோல்ஸ் (கல் மிகுந்த லோம், கலப்புக் கனிமம், ஊட்டத்தை மிகுதியாகப் பிடிக்கும் களி, குளிர்ந்த மண்; கடைசிச் சொல், ஈரக் குளிர்காலமும் உலர்ந்த கோடையும் உள்ள இடத்தின் களி அடுக்குள்ள கருமண்). மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சல்லடை
மறுப்பு இருக்கிறது. ஆய்வகம் தந்த 50% எடைக் கணக்கு. அமெரிக்க வகைப்பாட்டு விதியில் இருக்கும் 35% கன அளவுக் கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடவே கூடாது.

100 கிராம் மண்ணை எடுங்கள். 50 கிராம் சரளை, கல்லின் அடர்த்தி 2.65, ஆக 18.9 க.செ.மீ. மீதி 50 கிராம் நுண்மண் (2 மி.மீ.க்குச் சிறியது), அதன் அடர்த்தி 1.25 என்றால் 40 க.செ.மீ. மொத்தம் 58.9. அதில் சரளையின் பங்கு 32%தான். ஸ்கெலிட்டல் ஆகாது. களி 18-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பதால் இது ஃபைன்-லோமி.

இந்த அடர்த்தியில் 35% கன அளவைத் தொட எடையில் ஏறத்தாழ 53% சரளை வேண்டும். நுண்மண் இன்னும் பொலபொலப்பாக இருந்தால் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஆய்வகத் தாளில் உள்ள எண்ணை அப்படியே விவரப் படிவத்தில் ஏற்றுவதால்தான் இல்லாத ஸ்கெலிட்டல் மண்கள் நிலப்படத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

பாறைமுகடு
சல்லடை அவர்களே, உங்கள் மாற்றுக் கணக்கு சரி. ஆனால் அது பைக்குள் வந்த மண்ணுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. பைக்குள் வராதது என்ன ஆயிற்று?

ஆய்வகத்துக்குப் போகும் பையில் 75 மி.மீ.க்கு மேற்பட்ட கல் பெரும்பாலும் போவதில்லை. 75 முதல் 250 மி.மீ. வரையுள்ள கற்களைக் குழியின் சுவரைப் பார்த்துக் கன அளவாக மதிப்பிடுவதுதான் நடைமுறை. மலைச்சரிவில் மேலிருந்து உருண்டு வந்து சேர்ந்த மண்ணில் அவை இல்லாமல் இருக்காது. பிடி அடுக்கில் அப்படிப்பட்ட கல் 10% என்று வையுங்கள். மீதி 90 பங்கில் உங்கள் 32% என்பது 28.8. இரண்டையும் கூட்டினால் 38.8%. மறுபடியும் லோமி-ஸ்கெலிட்டல்தான்.

எந்த ஆழத்துக்குள் கணக்குப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். களி சேர்ந்த ஆர்ஜில்லிக் அடுக்கு இங்கே 34 செ.மீ. தடிப்பு, 50-க்குக் குறைவு. அப்படியானால் அந்த அடுக்கு முழுவதுமே கணக்குப் பகுதி. மேலே உள்ள 20 சதவீதமும் 30 சதவீதமும் இந்தச் சராசரிக்குள் வரவே வராது. ஆர்ஜில்லிக் இல்லாத ஆழமான மண்ணாக இருந்தால் 25 முதல் 100 செ.மீ. வரை பார்ப்போம்.

மேய்ச்சல்வெளி
மூன்று பேரும் மாறி மாறி ஒரு பெயருக்காகக் கணக்குப் போடுகிறீர்கள். அந்தப் பெயர் மாறினால் புல்லுக்கு என்ன மாறுகிறது? அதையும் எண்ணால் பார்த்துவிடலாம்.

செடிக்குக் கிடைக்கும் நீர், நுண்மண் ஒரு செ.மீ.க்கு லோமில் 0.16, க்ளே லோமில் 0.17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கல்லில் நீர் இல்லை என்று கழித்தால்:

ஏ1: 10 × 0.80 × 0.16 = 1.28
ஏ2: 18 × 0.70 × 0.16 = 2.02
பிடி, 38.8% கல்லோடு: 34 × 0.61 × 0.17 = 3.53

மொத்தம் 6.8 செ.மீ. சல்லடை அவர்களின் 32 சதவீதத்தை வைத்தால் பிடி 3.93 ஆகிறது, மொத்தம் 7.2. நீங்கள் வாதாடும் வித்தியாசம் 4 மி.மீ. தண்ணீர். கல்லையே கழிக்காமல் விட்டிருந்தால் 10.3 வந்திருக்கும், அது பெரிய தவறு. ஆனால் கழித்த பிறகு கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மேய்ச்சல் திட்டம் போடுகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது ஒவ்வோர் அடுக்கின் கல் சதவீதமும் பாறையின் ஆழமும். குடும்பப் பெயர் (நிலவரையர் எழுதிய அந்த நீளப் பெயர்) அந்த இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

பாறைமுகடு
குடும்பப் பெயர் ஆழத்தை விழுங்குவதில்லை. பாறை 50 செ.மீ.க்குள் வந்தால் துணைக்குழுப் பெயரிலேயே லித்திக் வந்துவிடும். நெவாடாவின் கிளீவேஜ் மண்தொடரை (ஒரே மாதிரி மண்களுக்கு வைத்த பெயர்) பாருங்கள்: லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், ஃப்ரிஜிட் லித்திக் ஆர்ஜிசெரோல்ஸ். இந்த ஒரு வரியைப் படித்ததுமே அங்கே குட்டைச் சேஜ்பிரஷை எதிர்பார்க்கலாம், உயரமான மலைச் சேஜ்பிரஷை அல்ல. பெயர் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது.

தண்ணீரிலும் நீங்கள் கொள்ளளவை மட்டும் பார்க்கிறீர்கள். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். உலர்ந்த மண்ணில் பனி உருகி 40 மி.மீ. இறங்குகிறது என்றால், கல்லில்லாத லோமில் 25 செ.மீ. வரைதான் நனையும். கல் 40% இருந்தால் அதே நீர் 42 செ.மீ. வரை போகும். அந்த ஆழத்து நீரை ஜூன், ஜூலை வெயில் எளிதில் உறிஞ்சிவிடாது. ஆழ வேர்விடும் புதருக்கு அது ஆதாயம். மேலேயே வேர் பரப்பும் சாண்ட்பெர்க் புளூகிராஸுக்கு அது எட்டாது. புதருக்கும் புல்லுக்கும் உள்ள பங்கீட்டைக் கல் இப்படி மாற்றுகிறது. 4 மி.மீ. என்று ஒதுக்கிவிட்டால் இது கண்ணில் படாது.

விதைப்பையும் மறக்க வேண்டாம். மேல்மண்ணில் கல் மிகுந்த இடத்தில் விதைப்புக் கருவியின் தட்டு ஒரே ஆழத்தில் ஓடாது. கல் மேல் ஏறும் இடத்தில் விதை வெளியே கிடக்கும், இறங்கும் இடத்தில் முளை மேலே வர முடியாத ஆழத்துக்குப் போய்விடும்.

மேய்ச்சல்வெளி
நீங்கள் சொன்ன விதைப்புச் சிக்கல் மேல் 5 செ.மீ.யில் நடப்பது. ஸ்கெலிட்டல் என்ற பெயரோ 28 செ.மீ.க்குக் கீழே உள்ளதைப் பார்த்து வைத்தது. என் வாதத்துக்கு நீங்களே சான்று கொடுத்துவிட்டீர்கள். மேல்மண்ணைச் சொல்வது 'கிராவலி லோம்' என்ற இழைநயப் பெயர்: 15 முதல் 35 வரை கிராவலி, 35 முதல் 60 வரை வெரி கிராவலி, அதற்கு மேல் 90 வரை எக்ஸ்ட்ரீம்லி கிராவலி. களத்தில் எனக்கு உதவுவது அதுதான்.

வடசரிவு
சரளையைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. மேலே ஒரே சொல்லில் தாண்டிப் போன 'ஃப்ரிஜிட்' பற்றி யாரும் கேட்கவில்லை. இந்த மண்ணில் பெரிய பிழை அங்கேதான் இருக்க வாய்ப்பு.

50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி மண்வெப்பம் 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்பது மட்டும் ஃப்ரிஜிட் ஆகப் போதாது. நீர் தேங்காத, மேலே இலைமட்கு அடுக்கு இல்லாத கனிம மண்ணில் கோடைச் சராசரி 15 டிகிரிக்குக் கீழே போனால் அது க்ரையிக் (இன்னும் குளிர்ந்த கோடை உள்ள வகை). 2,300 மீட்டரில், வடக்குச் சரிவில், பனி தாமதமாக உருகும் இடத்தில் 14 வந்தால் ஆச்சரியமில்லை. அப்போது மாறுவது குடும்பம் அல்ல, துணைவகுப்பே மாறுகிறது: செரோல்ஸ் போய் க்ரையோல்ஸ் வரும், மண் ஆர்ஜிக்ரையோல்ஸ் ஆகும். க்ரையிக் என்ற சொல் குடும்பப் பெயரில் தனியாக வராது, க்ரையோல்ஸிலேயே அடங்கிவிட்டது. நெவாடாவின் ஹாப்குட் தொடரின் பெயரில் வெப்பச் சொல் இல்லாததற்குக் காரணம் இதுவே: லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ் பேக்கிக் ஹாப்லோக்ரையோல்ஸ்.

மேய்ச்சல்வெளி அவர்களுக்கும் இது முக்கியம். சீட்கிராஸ் என்ற அன்னியக் களைப்புல்லின் படையெடுப்பைத் தாங்குமா, தீக்குப் பிறகு பழைய புல் மீளுமா என்பதை மேற்கு அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் மண்ணின் வெப்ப, ஈர நிலையை வைத்துத்தான் கணிக்கிறார்கள். வெப்பமான உலர்ந்த மண் எளிதில் விழுந்துவிடும். குளிர்ந்த ஈரமான மண் தாங்கும். ஒரே மலையின் தெற்குச் சரிவுக்கும் வடக்குச் சரிவுக்கும் நடுவில் இந்த எல்லை ஓடும். உயரத்தை மட்டும் வைத்து ஃப்ரிஜிட் என்று எழுதாமல் 50 செ.மீ.யில் ஒரு வெப்ப உணரியைப் புதைத்து ஓராண்டாவது பதிவு எடுங்கள்.

சல்லடை
கரிமக் கணக்கில் இதே சரளை இன்னும் மோசமாக ஏமாற்றும். ஏ2 அடுக்கையே எடுத்துக்கொள்கிறேன்: 18 செ.மீ., கரிமம் 2%, நுண்மண் அடர்த்தி 1.25, கல் 30%. சரியான கணக்கு 18 × 1.25 × 2 × 0.70, ஹெக்டேருக்கு 31.5 டன்.

குழி தோண்டி நீரால் கன அளவு பார்த்தவர்களுக்குக் கையில் கிடைப்பது கல்லோடு சேர்ந்த அடர்த்தி. இங்கே அது 1.67. அதைப் போட்டு, கல்லையும் 0.70 என்று கழித்தால் 42 டன் வரும். கழித்தாயிற்றே என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். முழு மண் அடர்த்தியைப் போட்டால் கழிக்க வேண்டியது எடைப் பங்கை. நுண்மண்ணின் எடைப் பங்கு 0.524. அதைப் பெருக்கினால் மறுபடி 31.5 வரும்.

மேய்ச்சல்வெளி
கல் என்ன கல் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நெவாடா மலைகளில் எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை ஏராளம். அதன் சிதைந்த துண்டுகள் சல்லடையில் நிற்கும், ஆனால் நீரில் ஊறவைத்துக் கையால் அழுத்தினால் உதிரும். ஆய்வகத் தயாரிப்பில் நொறுங்கி நுண்மண்ணாகிவிடும் அந்தப் பாராகிராவல் துண்டுகள் ஸ்கெலிட்டல் கணக்கில் சேராது. அவை நீரையும் பிடித்து வைத்திருக்கும். 'கல்லில் நீர் இல்லை' என்று நான் மேலே போட்ட கணக்கு குவார்ட்சைட், செர்ட் போன்ற கெட்டிப் பாறைகளுக்குப் பொருந்தும், சிதைந்த டஃபுக்கு அல்ல.

இன்னொன்று. உலக மண் வகைப்பாட்டில் ஸ்கெலிட்டிக் என்ற அடைமொழிக்கு 100 செ.மீ. வரை, அல்லது பாறை வரை, சராசரியாக 40% கல் வேண்டும். நம் மண்ணில் 62 செ.மீ. வரை சராசரி எடுத்தால் 33%. அங்கே இது ஸ்கெலிட்டிக் இல்லை. பாறை ஒரு மீட்டருக்குள் இருப்பதால் லெப்டிக் மட்டும் கிடைக்கும். ஒரே குழி, ஒரே கல், ஒரு முறையில் உண்டு, இன்னொன்றில் இல்லை. அதனால்தான் அடுக்குவாரி எண்களை விடாதீர்கள் என்கிறேன்.

மேற்பரப்புக் கல் மூட்டத்தையும் குழிக்குள் இருக்கும் கல்லையும் ஒரே கட்டத்தில் எழுதுவதையும் நிறுத்த வேண்டும். மேலே தளர்வாகக் கிடக்கும் சரளை மழைத்துளியைத் தாங்கி நீரை உள்ளே விடும். மேலோட்டில் பாதி புதைந்து இறுகிய சரளையோ நீரை ஓட்டிவிடும். சதவீதம் ஒன்றாக இருந்தாலும் விளைவு நேர் எதிர்.

பாறைமுகடு
டஃப் பற்றிச் சொன்னது மிகச் சரி, அதை ஏற்கிறேன். பெயர் வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. 1:24,000 நிலப்படத்தில் பெயர் இல்லாமல் இரண்டு பள்ளத்தாக்குகளை ஒப்பிட வழியே இல்லை.

சல்லடை
நிலவரையர் மறுபடி அளப்பதாக இருந்தால் வரிசை இது. பிடி அடுக்கின் மேல்முகத்தைச் சமப்படுத்துங்கள். 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்தில் தோண்டி, வந்ததை ஒரு துகள் விடாமல் எடுங்கள். குழியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மடிப்பில்லாமல் விரித்து, அளவுக் குவளையால் நீர் ஊற்றிக் கன அளவு எடுங்கள். சரிவில் நீர்மட்டம் ஒரு பக்கம் வழியும், ஆகவே முதலில் சமதளப் படி வெட்டிக்கொள்ள வேண்டும். 75 மி.மீ.க்கு மேற்பட்டதை அங்கேயே எடை போடுங்கள். மீதியை 2 மி.மீ. சல்லடையில் போடுமுன் நீரில் ஊறவைத்துக் கழுவி, 105 டிகிரியில் உலர்த்துங்கள்.

கழுவுவதில்தான் இந்த மண்ணின் பெயர் நிற்கிறது. ஆர்ஜில்லிக் அடுக்கில் சரளை மேல் களி பூசியிருக்கும், கழுவாமல் சலித்தால் அந்தக் களியும் கல் எடையில் சேரும். கழுவியபின் 50% என்பது 46% ஆனால் கன அளவு 28.7%. பெருங்கல் 10% என்றால் மொத்தம் 35.8, ஸ்கெலிட்டல். பெருங்கல் 8% என்றால் 34.4, ஸ்கெலிட்டல் இல்லை. 10-ஐயும் 8-ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. குழியின் நான்கு சுவரிலும் 10 செ.மீ. கட்டமிட்ட வலையை வைத்து, வலைப்புள்ளிகளில் எத்தனை பெருங்கல் மேல் விழுகின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கையை இங்கே போடுங்கள், பெயரைப் பிறகு எழுதலாம்.