புதுப்பிப்பு: வயர் சைஸ் அளக்க வெர்னியர் மட்டும் போதாது

2.5 சதுர மி.மீ. வயருக்கு (இது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் காலிப்பரே போதும் என்று முதல் பதிவில் எழுதியதைத் திருத்துகிறேன். இந்த சைஸ் வீட்டு வயரில் வழக்கமாக 0.3 மி.மீ. இழைகள் 36 இருக்கும். அவ்வளவு மெல்லிய இழையில் 0.02 பிசகினாலே பரப்பு 13 சதவீதம் மாறிவிடும்.

0.01 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் (திருகு அளவி) வாங்குங்கள். ராட்செட் (அளவான இறுக்கம் வந்ததும் நழுவிவிடும் முனைத் திருகு) கட்டாயம் இருக்கட்டும். அதை விட்டுத் திம்பிளை (சுழலும் உருளைப் பிடியை) பிடித்து இறுக்கினால் செம்பு நசுங்கி, அளவு குறைவாகக் காட்டும்.

கையில் வெர்னியர்தான் இருக்கிறதா? ஒரு இழையை உருண்டைப் பென்சிலில் இடைவெளியில்லாமல் 10 சுற்று சுற்றுங்கள், இழுத்து நீட்டாமல். அகலம் 3 மி.மீ. வர வேண்டும். 2.8 வந்தால் இழை 0.28தான், 36 இழை சேர்ந்தும் பரப்பு 2.2 மட்டுமே. இழைகளையும் எண்ணுங்கள். மேலுறைத் தடிமனை மட்டும் நம்பவே வேண்டாம்: பிவிசியைத் தடித்துப் போட்டு செம்பைக் குறைக்க முடியும்.