பொறியியல் படிப்புக்குக் கல்விக் கடன்: எவ்வளவு வாங்குவது, வட்டி எப்போதிலிருந்து ஏறும்?

நெசவூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இவ்வாண்டு பொறியியல் கலந்தாய்வில் கோயம்புத்தூர் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. என் கணவர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறேன். எங்கள் வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் என்று இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டம் வாங்கியவர் எவரும் இல்லை.

கல்லூரி கொடுத்த தாளின்படி கல்விக் கட்டணம் 55,000, விடுதிக்கும் உணவுக்கும் 75,000, தேர்வு, நூல், சீருடை போன்றவற்றுக்கு ஏறத்தாழ 15,000, ஆக ஆண்டுக்கு 1,45,000 ரூபாய் ஆகிறது. நான்கு ஆண்டுக்கு 5,80,000. எங்கள் ஊர் வங்கிக் கிளை ஒன்றில் கேட்டபோது, முழுத் தொகையையும் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள், படிக்கும் காலத்தில் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். என் கொழுந்தனாரோ, பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும், பிள்ளை வேலைக்குப் போகும்போது கடன் மலைபோல நிற்கும் என்கிறார். இருவர் பேச்சில் எது சரி? எங்களைப் போன்றவர்களுக்கு அரசு உதவித்தொகை ஏதேனும் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருப்பேன்.

ஓய்வுபெற்ற வங்கியர் எழுதியது:

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டு வங்கிப் பணியில் கல்விக் கடன் விண்ணப்பங்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கொழுந்தனார் சொன்னதும் கிளையில் சொன்னதும் இரண்டுமே பாதி உண்மை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லாத காலமாகும். ஆனால், தவணை இல்லை என்பதற்கு வட்டி இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. கல்லூரிக்கு வங்கி பணம் அனுப்பிய நாளிலிருந்தே தனிவட்டி கணக்கில் ஏறத் தொடங்கும். அந்தக் காலம் முடிந்ததும் சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு கூட்டப்பட்டு, அந்த மொத்தத் தொகைக்கு மாதத் தவணை வகுக்கப்படும். தவணைக் காலம் 15 ஆண்டு வரை நீளலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். எளிமைக்காக 10 விழுக்காடு என்று கொள்கிறேன். ஆண்டுக்கு 1,45,000 வீதம் நான்கு ஆண்டும் வாங்கினால், ஐந்தாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 2,03,000 ஆகியிருக்கும். அசலோடு சேர்த்து 7,83,000. அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 10,350 ரூபாய் வேண்டும். படிப்பை முடித்த பிள்ளையின் முதல் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே, முழுத் தொகையும் கிடைக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் வாங்க வேண்டாம். முதலில் உதவித்தொகைகளைக் கழித்துக்கொள்ளுங்கள், எஞ்சியதற்கு மட்டும் கடன் கேளுங்கள்.

பத்திரத்தைப் பற்றி: 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை கொடுக்கும் கடனுக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. கடன் திரும்பாமல் போனால் 75 விழுக்காடு வரை அந்த நிதி வங்கிக்குக் கொடுக்கும். எனவே இந்தத் தொகைக்காக உங்கள் வீட்டுப் பத்திரத்தை எவரிடமும் ஒப்படைக்க வேண்டிய அவசியமே இல்லை. பெற்றோரில் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையொப்பமிட வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: 4 லட்சம் வரை குடும்பத்தின் பங்கு என்று எதுவும் போட வேண்டாம், அதைத் தாண்டினால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு உங்கள் கையிலிருந்து போட வேண்டும்.

இனி முதன்மையான செய்தி. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தேசியத் தர மதிப்பீடு பெற்ற கல்லூரியிலோ அங்கீகாரம் பெற்ற பிரிவிலோ தொழிற்கல்வி படிப்பவர்களுக்கு, தவணை இல்லாத அந்தக் காலம் முழுவதற்கும் உரிய வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. உங்கள் வருமானம் அதற்குள்தான் இருக்கிறது. கல்லூரி நாக் (கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பு) மதிப்பீடு பெற்றதா, மகளின் பிரிவு என்பிஏ (தொழிற்கல்விப் பிரிவுகளை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். வட்டாட்சியர் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழைக் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மகள் படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் நின்றுவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியை எழுதியது:

அன்புள்ள அம்மா, வங்கியர் ஐயா கழிக்கச் சொன்ன உதவித்தொகைகளை நான் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு இதைத்தான் முதலில் விளக்குகிறேன், இருந்தும் பலர் காலம் கடந்த பிறகே கேட்டு வருகிறார்கள்; அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் வீட்டில் பட்டதாரி எவரும் இல்லை, மகளுக்குக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்திருக்கிறது. எனவே முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நாளையே விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு கல்லூரிக்குக் கட்டிவிடும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. "நல்ல கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன், கலந்தாய்வு இடத்தை விட்டுவிடுங்கள்" என்று எவராவது வந்து பேசினால் தயவுசெய்து செவிசாய்க்காதீர்கள்.

அடுத்தது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2024-25 கல்வியாண்டு முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகள் சரியாக அந்த வரிசையில் வருகிறாள். படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குவது இதற்குத் தடையில்லை. இதைப் படிக்கும் பையன்களின் பெற்றோருக்கும் ஒரு சொல்: 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண் பிள்ளைகளுக்கு இதே தொகையைத் தருகிறது.

7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஆனால் அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அதே தெருவில் அதே தறிச் சத்தத்தில் உட்கார்ந்து படித்த உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போவது நியாயமாக எனக்குப் படவில்லை.

பட்டியலினத்துப் பெற்றோர் இந்த இழையைப் படித்தால், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்சத்தில் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையைக் கேட்டு வாங்குங்கள். கடனைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

கோவைப் பொறியாளன் எழுதியது:

அக்கா, நான் கல்விக் கடனில் படித்தவன். 2016-இல் சேர்ந்து 2020-இல் முடித்தேன். வங்கியர் ஐயா சொன்ன வட்டி மானியத்துக்கு எனக்கும் தகுதி இருந்தது. முதல் ஆண்டில் வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று என் அப்பா நம்பியிருந்தார். 2021-இல் தவணை தொடங்கியபோதுதான், நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு என் பெயரில் மானியக் கோரிக்கையே அனுப்பப்படவில்லை என்பதும், அந்த வட்டி அசலில் ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்தது. அப்போது கோரிக்கையை அனுப்ப வேண்டியிருந்தது வங்கிக் கிளைதான். மாணவன் நேராக அரசிடம் கேட்க முடியவில்லை. எட்டு மாதம் அலைந்து ஓராண்டுக்கான மானியத்தை மட்டும் திரும்பப் பெற்றேன், மற்றோர் ஆண்டுக்கானது போனதுதான்.

அதனால் கைகூப்பிக் கேட்கிறேன்: ஆண்டுக்கு ஒருமுறை, மகளின் தேர்ச்சி விவரத்தையும் படிப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் சென்று, கடன் கணக்கின் அறிக்கையை அச்சிட்டு வாங்கி, மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். வரவில்லை என்றால் எழுத்தில் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கைபேசி எண் மாறினாலும் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் முதல் இரண்டு தவணைகள் தவறிப்போயின, அந்தத் தாமதம் கடன் மதிப்பெண்ணில் எனக்கு மட்டுமல்லாமல் இணைக் கடன்தாரரான அப்பாவுக்கும் பதிவாகிவிட்டது. தொடர்ந்து 90 நாள் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அந்த நிலைக்கு விடவே கூடாது.

வேலை கிடைத்த பிறகு, மிகைநேரப் பணிக்கு வரும் தொகையை அவ்வப்போது அசலில் கட்டிவந்தேன். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. வருமான வரி கட்டும் நிலை வந்தால், கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே.

நெசவூர்க்காரி எழுதியது:

ஐயா, அம்மா, தம்பி, மூவருக்கும் என் கண்ணீர் கலந்த நன்றி. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. இன்று கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டேன். கல்லூரிக்கு நாக் மதிப்பீடு இருக்கிறதாம், சான்றின் நகலைத் தருவதாகச் சொன்னார்கள். நீங்கள் சொன்னபடி நானே நோட்டில் கணக்கு எழுதினேன். 1,45,000-இல் சலுகை 25,000 போக 1,20,000. புதுமைப் பெண் பணம் ஆண்டுக்கு 12,000 வரும். தையலில் மிச்சம் பிடித்து 8,000 நான் போடுகிறேன். மீதி ஆண்டுக்கு 1,00,000, நான்கு ஆண்டுக்குச் சரியாக 4 லட்சம். இது சரியா? இன்னும் ஒரு சந்தேகம்: தீபாவளி நேரத்தில் எனக்குத் தையல் கூலி கூடுதலாக வரும். அதைப் படிக்கும் காலத்திலேயே வட்டிக்குக் கட்டலாமா?

ஓய்வுபெற்ற வங்கியர் எழுதியது:

மிகச் சரியான கணக்கு, அம்மா. 4 லட்சத்தில் நிறுத்திவிட்டதால் குடும்பப் பங்கும் போட வேண்டியதில்லை. மானியம் ஒழுங்காக வந்துவிட்டால், மகள் வேலைக்குப் போகும்போது கடன் அந்த 4 லட்சமாகவே நிற்கும். அதே 10 விழுக்காட்டில் பத்து ஆண்டுக்கு மாதம் சுமார் 5,290 ரூபாய். மானியம் இல்லாமல் போனால் வட்டி 1,40,000 சேர்ந்து 5,40,000 ஆகி, தவணை சுமார் 7,140 ஆகும். சுமை குறையட்டும் என்று 15 ஆண்டுக்கு நீட்டினால் தவணை சுமார் 5,800-க்கு இறங்கும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது பத்து ஆண்டுக் கணக்கைவிட ஏறத்தாழ 1,88,000 ரூபாய் கூடிவிடும்.

தையல் கூலியை வட்டிக்குக் கட்ட வேண்டாம்; அந்த வட்டியைத்தான் அரசு கட்டப்போகிறது. மானியத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 விழுக்காடு குறைப்பதுண்டு, அது அவர்களுக்கான வழி. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒப்புதல் கடிதத்தில் உள்ள தொகை உச்சவரம்புதான், முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. எடுத்த பணத்துக்கு மட்டுமே வட்டி. ஆகவே அந்தக் கூலியை மகள் பெயரில் சேமித்து வைத்து, மறு ஆண்டு விடுதிக் கட்டணத்தில் நீங்களே கட்டிவிட்டு, அந்த அளவுக்குக் குறைத்து அனுப்பும்படி கிளைக்கு எழுதிக் கொடுங்கள்.

கிளையில் மறுபடியும் பத்திரம் கேட்டால் வாதாட வேண்டாம். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். கல்விக் கடனை மறுக்கும் முடிவுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது வங்கிகளுக்குள்ள நெறிமுறை. கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் இந்த இழையிலேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.