“வெறும் கையெழுத்துத்தான்” என்கிறார்கள்: செயலாளர் பொறுப்பை ஏற்கலாமா?

கேள்வி: பெஞ்சில் காத்திருக்கும் தாய், பினாங்கு

என் மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைதோறும் ஜோர்ஜ் டவுனில் ஒரு சிறிய கலை மன்றத்தில் பரதம் பயில்கிறாள். வகுப்பு முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் நானும் ஒருத்தி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இதை மன்றத் தலைவரிடம் வாய்தவறிச் சொன்னதுதான் நான் செய்த தவறு. அன்றிலிருந்து விடாமல் கேட்கிறார்: “செயலாளர் ஜொகூருக்கு மாறிப் போய்விட்டார். அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். நீங்கள் வாருங்கள் அம்மா, வெறும் கையெழுத்துத்தான்.”

வெறும் கையெழுத்துக்கு எதற்கு இவ்வளவு கெஞ்சல்?

போன வாரம் “சும்மா பாருங்கள்” என்று ஒரு பிஸ்கட் தகரத்தைக் கையில் கொடுத்தார். மன்றத்தின் இரண்டு வருடக் கணக்கு அதற்குள்தான் இருக்கிறதாம். இரவு சாப்பாட்டு மேசைமேல் கொட்டிப் பார்த்தேன். பாதி ரசீதுகள் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. மீதியில் ஒலிபெருக்கி வாடகை, பூமாலை, சலங்கைக்கு வார் மாற்றியது, பிறகு “சாப்பாடு 40 பேர்” என்று சிகரெட் அட்டையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிய ஒன்று. எந்த நாள், எந்தக் கடை, எவ்வளவு, ஒன்றும் இல்லை. சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பினீர்களா என்று தலைவரிடம் கேட்டேன். “அதெல்லாம் இணையத்தில் இருக்கும்” என்றார். இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கும் என்கிறார்.

இன்னொன்று: நன்கொடை தந்த கடைக்காரர் ஒருவர் வரிவிலக்கு ரசீது கேட்கிறார். “நீங்களே ஒன்று அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்” என்பது தலைவரின் யோசனை.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஆசிரியைக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்து, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தட்டுக்கழியால் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்கிறது. இப்படிப்பட்ட செயலவைகளில் இருந்தவர்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்வது?

பதில்: முன்னாள் செயலாளர், செந்தூல்

சகோதரி, பதினோரு ஆண்டு இந்த வேலையைப் பார்த்து ஓய்ந்தவன் நான். என்னையும் அதே இரண்டு சொல்லைச் சொல்லித்தான் அழைத்தார்கள்.

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டமே நடத்தவில்லை என்றால் தப்பித்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போதும் அந்த ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாத சங்கத்தின் பதிவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பதிவு போனால் மானியம் கேட்டு எந்தக் கதவையும் தட்ட முடியாது.

இப்போது எல்லாம் பதிவிலாகாவின் இ-ரோசஸ் இணையத்தளம் வழியாகத்தான். ஆகவே தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? எங்கள் சங்கத்தில் அது பழைய செயலாளருடைய மருமகனின் கைப்பேசியில் இருந்தது. அதை மீட்க நான்கு மாதம், இரண்டு கல்யாண விருந்து, ஒரு சண்டை. சென்னையிலிருந்து பாடகரை அழைத்தால் வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிக்கான புஸ்பால் அனுமதிக்கு அலைவதும் செயலாளர்தான். மேடையில் பொன்னாடை வேறு யாருக்கோ விழும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கணக்காளர், பிரிக்பீல்ட்ஸ்

அந்த ரசீதை அச்சடிக்கவே அச்சடிக்காதீர்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புதான் வரிவிலக்கு ரசீது தரலாம். சங்கமாகப் பதிவாகியிருப்பது வேறு, இந்த ஒப்புதல் வேறு. கடைக்காரர் நம்பி வரிக் கணக்கில் காட்டினால் அவரும் மாட்டுவார். சாதாரண ரசீது கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்.

வெளுத்த தாள்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வங்கி அறிக்கையை வாங்கி அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இனி வரும் ரசீதை அன்றன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த எழுத்து நம் ஊர் வெக்கையில் நிற்காது.

பதில்: எழுபதைத் தாண்டியவன், ஜெலுத்தோங்

சட்டம் பேசிப் பேசியே அந்தப் பெண்ணை விரட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது. நான் நாடகக் குழுவில் நிர்வாகியாக இருந்தவன். டிக்கெட்டை லெபோ பாசாரில் கடைகடையாக ஏறி இறங்கி விற்றோம். நாடகம் நட்டத்தில் முடிந்தால் எங்கள் தலைவர் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார். 200 வெள்ளி, 300 வெள்ளி. அதற்கு எந்த ரசீது? அம்மா, உங்கள் தலைவர் திருடர் என்று முடிவுகட்டும் முன், அந்தத் தகரத்தில் அவருடைய பணம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள்.

பதில்: கணக்காளர், பிரிக்பீல்ட்ஸ்

ஐயா, அடகுக்கும் சீட்டு உண்டு.

பதில்: பெஞ்சில் காத்திருக்கும் தாய், பினாங்கு

எல்லோருக்கும் நன்றி. வங்கி அறிக்கையைக் கேட்டேன். மூன்று நாள் இழுத்தடித்துக் கொடுத்தார். இரவு உட்கார்ந்து தகரத்தோடு ஒப்பிட்டேன். மண்டப வாடகை ரசீது ஐந்து மாதத்துக்கு இருக்கிறது, வங்கியிலிருந்து அந்த ஐந்து மாதமும் ஒரு காசு போகவில்லை. யார் கட்டியது என்று கேட்டேன். வெகுநேரம் சலங்கை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தான்தான் என்றார். ஏன் எழுதி வைக்கவில்லை? “பொருளாளர் என் மைத்துனர். எழுதினால் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிந்துவிடும்.”

ஜெலுத்தோங் ஐயா, நீங்கள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில், கடந்த தீபாவளிக் கலைவிழாவுக்கு எடுத்த 1,850 ரிங்கிட்டுக்கு இன்னும் யாரிடமும் பதில் இல்லை. நாற்பது பேர் சாப்பாட்டை அதில் போட்டாலும் நிறைய மிஞ்சுகிறது.

கடைக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். சிரித்தார், பணத்தைக் கேட்கவில்லை. ஆசிரியைக்கு ஒரு மாதச் சம்பளம் நேற்றுப் போய்ச் சேர்ந்தது. கடவுச்சொல்லை ஜொகூர்க்காரர் “தேடுகிறேன்” என்று சொல்லி ஆறு நாள் ஆகிறது. அது கைக்கு வரும்வரை வேட்புமனுவில் என் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.